தேயிலைச் சாயத்தில் எழுதிய சொல்

நான் சந்தேகக்காரன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் கண்டுபிடித்ததாகப் பீற்றிக்கொள்ள வேண்டாம். என் பெயர் காலிதீன். கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் இடையில் ஓடுகிற பஸ்களில் ஏறி டிக்கட் பரிசோதிப்பது என் தொழில். அந்த வேலையில் பத்துப் பதினைந்து வருடம் கழித்தவனுக்கு மனிதர்களின் முகம் மனதில் நிற்காது. அவர்களுடைய கை எந்தப் பக்கம் போகிறது என்பதுதான் நிற்கும். தூங்குகிறவன் மாதிரிக் கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்திருப்பவனைத்தான் நான் முதலில் தட்டுவேன்.

இப்படிப்பட்ட எனக்கு வாய்த்த மச்சான்தான் அச்சிமுகம்மது. என்னைக் காக்கா என்று கூப்பிடும் தங்கை முனவ்வறாவின் மாப்பிள்ளை, பாலமுனைக்காரர். எங்கள் பகுதியில் பெண்ணுக்கு வீடு கொடுக்காமல் கலியாணம் இல்லை. மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வந்துதான் குடியிருப்பார். வாப்பா மௌத்தாகி அடக்கம் செய்த பிறகு கல்முனைக்குடியில் அந்த வீட்டை அத்திவாரத்திலிருந்து ஓடு வரைக்கும் எழுப்பியது நான். அது முடியும்வரை என் கலியாணத்தைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. அந்த வீட்டுப் படியில் கால் வைக்கப்போகிறவரை நான் சும்மா விட்டுவிடுவேனா? 1976இல் பேச்சு வந்தபோது பாலமுனைக்கு மூன்று தரம் போனேன். பள்ளிவாசலில் கேட்டேன், தேநீர்க் கடையில் கேட்டேன், தலைமுடி வெட்டுகிறவரிடமும் கேட்டேன். குடி இல்லை, சூது இல்லை, வேறு தொடுப்பு இல்லை. "அவன் ஒரு பாவம், ஆர் என்ன சொன்னாலும் நம்புவான்" என்று எல்லோரும் ஒரே மாதிரிச் சொன்னார்கள். எல்லோரும் ஒரே மாதிரிச் சொன்னதுதான் எனக்கு இடித்தது.

ஆனால் ஊர் சொன்னது சரி. அவருடைய தொழில் பீங்கான் வியாபாரம். சைக்கிளின் பின்னால் ஒரு மரப்பெட்டி. உள்ளே வைக்கோல் போட்டு அடுக்கிய சோற்றுப் பீங்கான்களும் தேநீர்க் கோப்பைகளும். ஒலுவில், அட்டாளைச்சேனை, ஆலையடிவேம்பு என்று தினமும் ஒரு பக்கம் மிதித்துப் போவார். ஆலையடிவேம்பில் தங்கரத்தினம் என்று ஒரு வாடிக்கைக்காரி. கைதவறி உடைத்த கோப்பையைக் கொண்டுவந்து, வாங்கும்போதே கீறல் இருந்தது என்பாள். இவர் மறுபேச்சில்லாமல் புதிதாக ஒன்றை எடுத்துக் கொடுப்பார்.

"அவ போட்டு உடைச்சிட்டு வாறா எண்டு உங்களுக்கு விளங்கல்லியா மச்சான்?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"அவ கீறல் இருந்தது எண்டுதானே சொன்னா," என்றார்.

எனக்கு வயிறு எரிந்தது. இந்த மனிதர் உண்மையிலேயே இவ்வளவு வெள்ளையா, அல்லது நடிக்கிறாரா என்று ஆறு வருடம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன்.

எழுபத்தேழுக்குப் பிறகு வெளிநாட்டுச் சாமான் தாராளமாக வரத் தொடங்கியது. சீனப் பீங்கான்கள் வந்து குவிந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் சிவப்பு மையில் என்னவோ எழுதியிருக்கும். நாங்கள் எல்லோரும் அதைப் பார்த்தோம், சோறு போட்டுத் தின்றோம். இவருக்கு மட்டும் அது என்ன என்று தெரிய வேண்டியிருந்தது. சரக்குக் கொடுத்த முதலாளியிடம் கேட்டார், பள்ளிக்கூட வாத்தியாரிடம் கேட்டார், யாருக்கும் தெரியவில்லை. பீக்கிங்கிலிருந்து பின்னேரத்தில் வருகிற தமிழ் ஒலிபரப்பை ரேடியோவில் பிடித்து, அவர்கள் சொன்ன விலாசத்துக்குக் கடிதம் போட்டார். பதில் வந்தது, கலண்டர் வந்தது, கடைசியில் சீன எழுத்துப் படிக்க ஒரு சின்னப் புத்தகமும் வந்தது. வெளிநாட்டு முத்திரை ஒட்டிய அந்த உறைகளை நான் வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். பீங்கான் விற்கிறவனுக்கு எதற்காக ஒரு அரசாங்கம் புத்தகம் அனுப்ப வேண்டும்?

அவர் படித்த விதமும் வேறு. ஒரு மாதத்துக்கு ஒரே ஒரு எழுத்து. அந்த எழுத்து வருகிற சொற்களையெல்லாம் தேடிப் பிடித்து எழுதுவார்.

"ஒரு எழுத்தப் புடிச்சாப் போதும் மச்சான், அதுக்குப் பின்னால ஒரு குடும்பமே வருது," என்று எனக்கு விளக்கினார். "இந்த மாசம் தண்ணி. வாய்த் தண்ணி எண்டா எச்சில். தண்ணிக் கை எண்டா கப்பல்ல வேல செய்றவன்."

"எச்சிலுக்குத் தனியா ஒரு சொல் இல்லாத நாட்டுட பாஷைய வச்சிக்கொண்டு என்ன செய்யப் போறீங்க?" என்று கேட்டேன். உம்மா சிரித்தார். அவரும் சிரித்தார். அதற்குப் பிறகு என்னிடம் எந்த எழுத்தைப் பற்றியும் அவர் கதைக்கவில்லை. நான் அதையும் குறித்து வைத்துக்கொண்டேன்.

எழுதிப் பழகக் கடதாசியை வீணாக்க அவருக்கு மனம் வராது. விளிம்பு உடைந்து விற்க முடியாத வெள்ளைப் பீங்கானில், கடுஞ்சாயத் தேயிலைத் தண்ணீரைத் தொட்டுத் தூரிகையால் எழுதுவார். துணியால் துடைத்துவிட்டு மறுபடி எழுதுவார். கை படிந்த பிறகுதான் அந்த எழுத்துக்கென்று வைத்திருக்கும் கொப்பியில் ஏற்றுவார்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் வீடுகளில் பீங்கானில் எழுதுவது சாதாரண காரியம் அல்ல. நோய் நொடி என்றால், பிள்ளை தங்கவில்லை என்றால், பள்ளிவாசலில் ஓதுகிற லெப்பை வெள்ளைப் பீங்கானில் குங்குமப்பூக் கரைசலால் ஓதி எழுதித் தருவார். தண்ணீர் ஊற்றிக் கரைத்து, பிஸ்மி சொல்லிக் குடிக்க வேண்டும். முனவ்வறாவுக்கு இரண்டு தரம் மூன்றாம் மாதத்தில் கரு கரைந்துவிட்டது. இரண்டு தரமும் பீங்கான் குடித்தவள்தான். 1982இல் மூன்றாவது முறையாக அவள் உண்டானபோது, உம்மா வியாழன்தோறும் லெப்பையிடம் போய்ப் பீங்கான் எழுதி வாங்கிவந்தார். வீட்டில் யாரும் சத்தமாகக்கூடக் கதைப்பதில்லை.

மூன்றாம் மாதம் முடிகிற நேரம், ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்து மணியிருக்கும். என் டிப்போவுக்கு ஆள் வந்தது. முனவ்வறாவுக்கு வயிற்றுவலி, உதிரம் படுகிறது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள். நான் வீட்டுக்கு ஓடினேன். அவளை ஏற்கெனவே ஏற்றிப் போயிருந்தார்கள். மச்சான் விடியற்காலையிலேயே வியாபாரத்துக்குப் போய்விட்டார். உம்மா மட்டும் தங்கையின் கட்டிலடியில் ஒரு பீங்கானைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இதப் பாரு மகன். இது லெப்பைட எழுத்தில்ல."

பாதி கரைந்துபோன எழுத்து. குங்குமப்பூ நிறம் மாதிரித்தான் இருந்தது, ஆனால் தேயிலைச் சாயம். படுத்துக் கிடக்கிற தூண்டில் மாதிரி ஒரு வளைவு, அதைச் சுற்றி மூன்று புள்ளி. பக்கத்தில் வேறு என்னவோ கீறல்கள். லெப்பை தந்த பீங்கான் சமையலறையில் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

ஆறு வருடமாகத் தேடியது அகப்பட்டுவிட்டது என்று நினைத்தேன். சொல்ல வெட்கமாயிருக்கிறது, தங்கை ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள், எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி. மச்சானின் பெட்டியைத் திறந்தேன். ஒரு கொப்பி. ஒவ்வொரு பக்கமும் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, கட்டத்துக்கு ஓர் எழுத்து. தாயத்துக்குள் வைக்கிற தகட்டில் இப்படித்தான் கட்டம் போடுவார்கள், ஒரே எழுத்தைத் திரும்பத் திரும்ப எழுதுவார்கள். அந்தக் கொப்பியில் எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் அதே தூண்டில், அதே மூன்று புள்ளி.

"சூனியம்," என்றேன். உம்மா கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் முனவ்வறா வெளுத்துப்போய்க் கிடந்தாள். வயிற்றில் உயிர் இன்னும் தங்கியிருக்கிறது, அசையாமல் படுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் குனிந்து கேட்டேன். "அந்தப் பீங்கானக் குடிச்சியா?" ஓம் என்று தலையை ஆட்டினாள். "அது லெப்பைட இல்ல எண்டு தெரியுமா?" அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். பாவம், ஏமாந்துபோனதை நினைத்து அழுகிறாள் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு, பள்ளிவாசல் நிர்வாகம் பார்க்கிற மரைக்கார்மார் இரண்டு பேரை வீட்டுக்குக் கூட்டிவந்தேன். அண்டை அயலும் வேலியோரம் சேர்ந்தது. மச்சான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தார். நான் பீங்கானை அவர் முன்னால் வைத்தேன்.

"இது உங்கட எழுத்தா?"

"ஓம்."

"இதத் தண்ணி ஊத்தி அவ குடிச்சிரிக்கா. தெரியுமா?"

அவர் பீங்கானைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. "இப்பதான் தெரியும்," என்றார்.

"லெப்பைட பீங்கானக் கழுவிப் போட்டு இத மாத்தி வச்சது ஆரு?"

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். என் அனுபவத்தில், யோசிக்கிறவன் பொய்யைத் தயாரிக்கிறான். "முனவ்வறா வரட்டும், அவக்கிட்டக் கேளுங்க," என்றார்.

"ஆஸ்பத்திரியில கிடக்கிற வருத்தக்காரிட தலையில போடப் பாக்கிறீங்களா?"

"அது ஒரு கெட்ட சொல்லில்ல மச்சான்," என்றார். பிறகு வாயில் கொழுக்கட்டையை வைத்த மாதிரி நின்றார். மூத்த மரைக்கார் தொண்டையைச் செருமிக்கொண்டு, பெண் சுகமாகி வரும்வரை மாப்பிள்ளை விலகியிருப்பது நல்லது என்றார். வீடு பெண்ணுடையது. விலக வேண்டியவர் ஆண்தான். மச்சான் உடுக்கிற இரண்டு சாரத்தையும் ரேடியோவையும் மரப்பெட்டியில் வைத்துக் கட்டி, சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார். வேலியோரம் நின்ற யாரும் அவருக்கு ஸலாம் சொல்லவில்லை.

முனவ்வறா பத்து நாளில் வீட்டுக்கு வந்தாள். பிள்ளை தங்கிவிட்டது. ஆனால் வாய் திறக்கவில்லை. மாப்பிள்ளை எங்கே என்று கேட்கவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எனக்கோ அரைகுறை வேலை பிடிக்காது. காழி நீதிபதியிடம் போய்க் கலியாணத்தை அறுக்க வேண்டுமானால், இது இன்ன சூனியம் என்று ஒருவர் வாசித்துச் சொல்ல வேண்டும். மட்டக்களப்பு டவுனில் ஒரு சீனத்துப் பல் வைத்தியர் இருந்தார். லீவு போட்டுவிட்டு, பீங்கானைத் துணியில் சுற்றி, கொப்பியையும் எடுத்துக்கொண்டு போனேன்.

"எந்தப் பல்லு?" என்று கேட்டார் கிழவர்.

"பல்லில்ல. இத வாசிக்க ஏலுமா?"

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொப்பியைப் புரட்டினார். "ஆர் எழுதினது? நல்ல கை. ஆனா பயந்து பயந்து எழுதுது." பிறகு தூண்டில் எழுத்தின் மேல் விரலை வைத்தார். "சின்." தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். "மனசு. இந்தக் கொப்பி முழுக்க மனசுதான்."

ஒவ்வொன்றாகச் சொன்னார். திறந்த மனசு என்றால் சந்தோஷம். மனசைச் சின்னதாக்கு என்றால் கவனம். சூடான மனசு என்றால் ஓடி ஓடி உதவி செய்கிறவன். மனசைச் சும்மா தொட்டுவிடுகிறது என்றால் தேத்தண்ணியோடு தின்கிற பலகாரம். அதைச் சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்தது. மூன்று மனசு இரண்டு நினைப்பு என்றால் ஒரு முடிவுக்கும் வராதவன்.

நான் நம்பவில்லை. ஒரு சீனன் இன்னொருவர் எழுதிய சீனத்தைக் காட்டிக்கொடுப்பானா? பரிசோதகன் வழியில் போனேன். கொப்பியை வாங்கி, பக்கங்களை மாற்றி மாற்றித் திறந்து, மற்றக் கட்டங்களைக் கையால் மறைத்துக்கொண்டு மறுபடி கேட்டேன். அதே சொல்லுக்கு அதே பொருள். மூன்றாம் தரமும் நான் தொடங்கியதும், அவர் என் கையை விலக்கிவிட்டுக் கடைசிப் பக்கத்தில் ஒரு சொல்லைத் தொட்டார்.

"இது சந்தேக மனசு," என்றார். "இது நீங்க."

எனக்குக் கோபம் வந்தது. அடக்கிக்கொண்டு பீங்கானை அவிழ்த்து நீட்டினேன். அவர் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"ஃபாங் சின். மனச இறக்கிக் கீழ வை. பயப்பட வேணாம், யோசிக்க வேணாம் எண்டு. பல்லுப் புடுங்க முந்தி நானும் சனத்துக்கு இதத்தான் சொல்ற."

பஸ்ஸில் திரும்பி வரும்போது நான் யாரையும் பார்க்கவில்லை. மச்சான் எழுதியது அவ்வளவுதான். அவள் குடித்தது தேயிலைச் சாயம். அப்படியென்றால் பீங்கானை மாற்றியது யார் என்ற கேள்வி மட்டும் மீதியிருந்தது. கல்லாறு தாண்டும்போதே எனக்குப் பதில் தெரிந்துவிட்டது.

உம்மா கிணற்றடியில் இருந்த நேரம் பார்த்து முனவ்வறாவின் அறைக்குள் போனேன். "ஃபாங் சின்" என்றேன். அவள் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தாள்.

"உனக்குத் தெரிஞ்சுதான் குடிச்ச."

"ஓம் காக்கா," என்றாள். பிறகு எல்லாம் சேர்ந்து வந்தது. "நான் பயந்து பயந்து கிடக்கிறதப் பாத்துப்போட்டு, வியாழக்கிழமை பின்னேரம் அவர் எழுதிக் காட்டினார். இதுக்கு அர்த்தம் இது எண்டு சொன்னார். சும்மா காட்டத்தான் எழுதினார், குடிக்கச் சொல்லல்ல. அவர் துடைக்கப் போக, நான்தான் வேணாம் எண்டு வாங்கி வச்ச. ரெண்டு தரமும் லெப்பைட பீங்கானத்தானே குடிச்ச? தங்கினதா? காலையில லெப்பைட பீங்கானக் கழுவி வச்சிட்டு, அவர்ட எழுத்தக் கரைச்சுக் குடிச்சன். அடுத்த நாழிகையே வலி வந்திட்டு. அல்லாஹ் தண்டிச்சிட்டான் எண்டு நெனச்சன்."

"அவர அனுப்பினாங்க, அப்பயாவது சொல்லியிருக்கலாமே?"

"ஓதின பீங்கான ஊத்திப்போட்டுக் காபிர்ட எழுத்தக் குடிச்சவ எண்டு ஊரு சொல்லும். இந்தப் புள்ள இல்லாமப் போனா ஆயுசுக்கும் எனக்கு அந்தப் பேருதான். அவர் ஆம்பிள, தாங்குவார் எண்டு நெனச்சிட்டன்."

அவளை ஏச வாய் திறந்தேன். எந்த வாயால் ஏசுவது?

மறுநாளே பாலமுனைக்குப் போனேன். எங்கள் ஆண்களுக்குச் சொந்தமாக வீடு இல்லை. மனைவி வீட்டிலிருந்து வந்தவருக்குச் சகோதரி வீட்டு விறாந்தைதான் கதி. அவர் அங்கே ஒரு மூலையில் குந்தியிருந்து கோப்பைகளுக்கு வைக்கோல் சுற்றிக்கொண்டிருந்தார். மெலிந்திருந்தார். சனங்கள் இப்போது அவரிடம் பீங்கான் வாங்குவதில்லை என்று அவருடைய சகோதரி முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார். சூனியம் எழுதிக் கொடுக்கிறவனின் பீங்கானில் யார் சோறு தின்பார்கள்?

"எனக்கு எல்லாம் தெரிஞ்சிட்டு மச்சான்," என்றேன். "அண்டைக்கே ஏன் நீங்க சொல்லல்ல?"

"அவ சொல்லுவா எண்டு பாத்துக்கொண்டிருந்தன்," என்றார். "ஆஸ்பத்திரியால வந்தாச் சொல்லுவா எண்டு பாத்தன். மறுகா இந்தக் கிழம, அடுத்த கிழம எண்டு பாத்தன்."

"வாங்க, வீட்ட போவம்."

"அவ கூப்பிட்டாவா?"

ஓம் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. சொல்லியிருந்தால் நம்பியிருப்பார், அவர் அப்படிப்பட்டவர். என்னால் முடியவில்லை. "இல்ல. நானாத்தான் வந்த," என்றேன்.

"அப்ப அவ சொல்லட்டும். அந்த ஆக்களுக்கு முன்னால சொல்லட்டும். நான் கெட்டவனில்ல எண்டு நீங்க சொல்லி என்ன மச்சான் செய்ய?"

நான் இதை அப்படியே கொண்டுவந்து முனவ்வறாவிடம் சொன்னேன். ஒரு கிழமை போனது, இரண்டு கிழமை போனது. விஷயம் தெரிந்த உம்மா, ஊருக்கு முன்னால் சொல்ல வேண்டாம் என்று அவள் காலைப் பிடித்தார். வயிறு வெளியே தெரியத் தொடங்கியது. அவளும் சொல்லமாட்டாள், அவரும் வரமாட்டார் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். ஒரு திங்கட்கிழமை மத்தியானம் வேலையிலிருந்து வந்தால், அவளே அயல்வீட்டு நதீராவை அனுப்பி அந்த இரண்டு மரைக்கார்மாரையும் அழைத்திருந்தாள். பாலமுனைக்கும் சொல்லி அனுப்பியிருந்தாள்.

மச்சான் வந்தார். வேலிப் படலைக்குள் வரவில்லை, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றார். வேலியோரம் அதே அயல், அதே முகங்கள். முனவ்வறா திரைக்குப் பின்னால் நின்று சொல்லுவாள் என்று நினைத்தோம். அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, ஒரு கையால் வயிற்றைத் தாங்கியபடி முற்றத்தில் இறங்கிப் படலை வரைக்கும் நடந்துபோனாள்.

"பீங்கான மாத்தினது நான்," என்றாள், எல்லோருக்கும் கேட்க. "தெரிஞ்சு குடிச்சதும் நான். இவர் ஒண்டும் செய்யல்ல."

வேலியோரம் ஒரு முணுமுணுப்பு ஓடியது. மூத்த மரைக்கார், "அஸ்தஃபிருல்லாஹ், தௌபாச் செய் மகள், அல்லாஹ்விட்ட மன்னிப்புக் கேளு," என்றார். உம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. முடிந்தது, இனி அவர் சைக்கிளை உள்ளே உருட்டுவார் என்று படலையைத் திறந்து பிடித்தேன்.

அவர் அசையவில்லை. தங்கையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். நான் பஸ்ஸில் ஆட்களைப் பார்க்கிற பார்வை அது. அந்தக் கண்களில் அதை அதற்கு முன் நான் கண்டதில்லை.

"இத நீயாச் சொல்றியா," என்று கேட்டார், "காக்கா சொல்லித் தந்து சொல்றியா?"

"நானாத்தான்."

"சத்தியம் பண்ணு."

முனவ்வறா அவரை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு வயிற்றில் கையை வைத்துச் சத்தியம் செய்தாள்.